பழைய நிரலைப் புதிய தொடரியலுக்கு மாற்றுதல்: ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தானியங்கி மாற்றிகள் – ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

1995இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி, 2015இல் வெளிவந்த அதன் ஆறாம் பதிப்பால் பெரும் தொடரியல் மாற்றத்திற்கு உள்ளாயிற்று. அதனை ஒட்டி இரு திசைகளில் தானியங்கி மாற்றிகள் எழுந்தன. புதிய தொடரியலில் எழுதிய நிரலைப் பழைய உலாவிகளுக்காகப் பழைய வடிவிற்கு இறக்குவன ஒரு வகை. முன்னரே எழுதப்பட்ட பழைய நிரலைப் புதிய வடிவிற்கு ஏற்றுவன மற்றொரு வகை. முதல் வகை விரைவில் நிலைபெற்றது. இரண்டாம் வகை இன்றும் மனிதரின் சரிபார்ப்பை வேண்டி நிற்கிறது. இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. இறக்கும்போது எழுதியவரின் கருத்து மறைகிறது. ஏற்றும்போது மறைந்த அக்கருத்தை மீட்க வேண்டியுள்ளது. ஆகவே, எது உறுதி, எது ஊகம் எனப் பிரித்துக் காட்டுவதே ஏற்றும் கருவிகளின் முதன்மைக் கடமை என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஜாவாஸ்கிரிப்ட், தொடரியல் மாற்றம், பொருண்மை, தொடரியல் மரம், பேபல், லெபாப், பைத்தான்.

முன்னுரை

மொழி மாறும்போது அம்மொழியில் முன்னர் எழுதப்பட்டவை என்னவாகும் என்ற வினா இலக்கிய ஆய்வாளர்க்குப் புதிதன்று. நிரல்மொழிகளிலும் இவ்வினா எழுகிறது. ஆயினும் அங்கு அதன் தன்மை சற்று வேறானது. பழைய நூலைப் படிக்கும் மனிதர் பொருள் விளங்காத இடத்தில் நின்று உரையை நாடலாம். கணினிக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒரு தொடருக்குச் செந்தரம் எப்பொருளை வகுத்ததோ அதனையே கணினி நிறைவேற்றும். தொடரின் வடிவை மாற்றுகையில் பொருள் சிறிதளவு வழுவினாலும் கணினி அதனைச் சுட்டிக்காட்டாது; வழுவிய பொருளையே நிறைவேற்றிச் செல்லும்.

இக்காரணத்தால், இயங்கிக்கொண்டிருக்கும் பழைய நிரலை ஒரு கருவியின் வழியாகப் புதுவடிவிற்கு மாற்றும் முயற்சியில் பயனும் இடரும் ஒருங்கே உள்ளன. புதுவடிவம் படிப்பதற்கு எளிது. புதிதாகப் பணியில் சேர்வோர் அதனையே கற்று வருகின்றனர். ஆனால் பழைய நிரல் பல ஆண்டுப் பயன்பாட்டில் சோதிக்கப்பட்டது. அச்சோதனையின் பயனை இழக்காமல் வடிவை மட்டும் மாற்ற இயலுமா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

மொழியின் தோற்றமும் பழமை காக்கும் நெறியும்

நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்து நாள்களில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவை உருவாக்கினார். மோக்கா, லைவ்ஸ்கிரிப்ட் என்னும் பெயர்களைக் கடந்து அவ்வாண்டு டிசம்பரில் அது இன்றைய பெயரைப் பெற்றது. 1997 ஜூனில் எக்மா அமைப்பு அதற்கான செந்தரத்தின் முதற்பதிப்பை வெளியிட்டது. மூன்றாம் பதிப்பு 1999 டிசம்பரில் வந்தது. நான்காம் பதிப்பிற்கான முயற்சி பல ஆண்டுகள் நீடித்தும், உறுப்பினரிடையே கருத்தொற்றுமை ஏற்படாமையால் 2008இல் கைவிடப்பட்டது. ஐந்தாம் பதிப்பு 2009 டிசம்பரிலும் ஆறாம் பதிப்பு 2015 ஜூனிலும் வெளிவந்தன. அதன்பின் ஆண்டுதோறும் ஒரு பதிப்பு வெளியிடும் வழக்கம் ஏற்பட்டது.

இவ்வரலாற்றில் ஒரு நெறி தொடர்ந்து காக்கப்பட்டு வருகிறது. இணையத்தில் ஏற்கெனவே உள்ள பக்கங்கள் பழுதுபடலாகாது என்பதே அது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயக்குவது பயனரின் உலாவி. எழுதியவர் அப்பக்கத்தைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் கழிந்திருக்கலாம். எனவே பழைய தொடரியலை நீக்காமல் புதியதை அதன் அருகில் சேர்ப்பதே மரபாயிற்று.

இந்நெறியின் வலிமையை 2018ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று நன்கு புலப்படுத்துகிறது. அணிகளைத் தட்டையாக்கும் செயற்கூறு ஒன்றிற்கு ‘ஃபிளாட்டன்’ எனப் பெயரிட முன்மொழியப்பட்டது. மூடூல்ஸ் என்னும் பழைய நிரலகம் அதே பெயரில் தனக்கெனச் செயற்கூறு ஒன்றை முன்பே வைத்திருந்தது. புதிய செயற்கூற்றை உலாவியில் சேர்த்துச் சோதித்தபோது, அந்நிரலகத்தைப் பயன்படுத்திய பழைய தளம் பழுதுபடுவது தெரியவந்தது. இறுதியில் செந்தரக் குழு ‘ஃபிளாட்’ என்னும் பெயரைத் தேர்ந்தது. எவரும் புதுப்பிக்காத பழைய பக்கங்களுக்காக ஒரு மொழியின் செந்தரமே தன் சொல்லை மாற்றிக்கொண்டது.

பழைய தொடரியல் என்றும் இயங்கும் எனில், அதனைப் புதுப்பிப்பது கட்டாயம் அன்று, விருப்பம் மட்டுமே. ஏற்றும் மாற்றிகளை மதிப்பிடுகையில் இவ்வுண்மையை மறத்தல் கூடாது.

இறக்கும் மாற்றிகளின் வளர்ச்சி

ஆறாம் பதிப்பு வெளிவரும் முன்பே அதன் புதிய கூறுகளைப் பயன்படுத்த நிரலர்கள் விரும்பினர். பயனர்களின் உலாவிகளோ பழையவை. இவ்விடைவெளியை நிரப்ப, 2011இல் கூகுள் நிறுவனம் டிரேசர் என்னும் மாற்றியை வெளியிட்டது. 2014இல் செபாஸ்டியன் மெக்கென்சி என்னும் இளம் ஆஸ்திரேலிய நிரலர் ‘சிக்ஸ் டு ஃபைவ்’ என்னும் பெயரில் மற்றொரு மாற்றியை உருவாக்கினார். ஆறாம் பதிப்பை ஐந்தாம் பதிப்பிற்கு மாற்றுவது என்பது அப்பெயரின் பொருள். 2015 பிப்ரவரியில் அது பேபல் எனப் பெயர் மாற்றம் பெற்று, விரைவில் இத்துறையின் பொதுக்கருவியாயிற்று.

பேபல் வெற்றி பெற்றமைக்கு இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, அதன் உள்ளீட்டில் எழுதியவரின் கருத்து வெளிப்படையாக உள்ளது. ‘கான்ஸ்ட்’ எனக் குறித்தால் அப்பெயருக்கு மறுமுறை மதிப்பு இடப்படமாட்டாது என்பது தெளிவு. ‘கிளாஸ்’ எனக் குறித்தால் ஒரு பொருள்வகை வரையறுக்கப்படுகிறது என்பதில் ஐயமில்லை. செந்தரம் வகுத்த பொருளைப் பழைய சொற்களால் விரித்துரைப்பது மட்டுமே மாற்றியின் வேலை. இரண்டாவது, அதன் வெளியீட்டை மனிதர் படிப்பதில்லை. அது எவ்வளவு நீண்டாலும், அழகற்று இருந்தாலும், உலாவி ஏற்றுக்கொண்டால் போதும். மூல நிரல் எழுதியவரிடமே பழுதின்றி இருக்கும்.

இவ்விரு நிலைமைகளும் எதிர்த்திசையில் தலைகீழாகின்றன.

மாற்றத்தின் அடிப்படை: தொடரியல் மரம்

எதிர்த்திசைக் கருவிகளைப் பற்றிக் கூறுமுன் அவற்றின் உள்ளமைப்பை அறிதல் வேண்டும். தொடக்ககால மாற்றங்கள் எழுத்துத்தொடரைத் தேடி மாற்றும் முறையில் நிகழ்ந்தன. ஒரு சொல் நிரலின் கட்டளையாக வந்துள்ளதா, மேற்கோளுக்குள் வந்துள்ளதா, குறிப்புரையில் வந்துள்ளதா என்பதை அம்முறை அறியாது.

இதற்குத் தீர்வாக அமைந்தது தொடரியல் மரம். நிரலைப் பகுத்து, எழுவாய் பயனிலை உறவுகளை மரவடிவில் காட்டும் மொழியியலாரைப் போல, ஒவ்வொரு தொடரின் உறுப்புகளையும் அவற்றின் உறவுகளையும் கிளைகளாக அமைப்பர். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான மரவடிவம் மொசில்லாவின் பகுப்பிக் கருவியிலிருந்து பிறந்தது. இந்தோனேசியரான ஆரியா ஹிதாயத் உருவாக்கிய எஸ்பிரிமா, மாரெய்ன் ஹாவர்பேகே உருவாக்கிய ஏகார்ன் ஆகிய பகுப்பிகள் அவ்வடிவைப் பின்பற்றின. பின்னர் அது எஸ்ட்ரீ என்னும் பொது வரையறையாயிற்று. ஒரே மரவடிவைப் பல கருவிகள் பகிர்ந்துகொண்டமையால் மாற்றிகள் பெருகின.

மரத்திலும் ஒரு குறை உண்டு. வரி இடைவெளி, குறிப்புரை, நிரலர் விரும்பி அமைத்த வடிவம் ஆகியவை மரத்தில் இடம்பெறுவதில்லை. மரத்திலிருந்து நிரலை மீண்டும் எழுதினால் இவை சிதையும். இறக்கும் மாற்றிக்கு இஃது ஒரு பொருட்டன்று. ஏற்றும் மாற்றியின் வெளியீட்டையோ மனிதர் படித்துத் தொடர்ந்து பேண வேண்டும். பென் நியூமன் உருவாக்கிய ரீகாஸ்ட் என்னும் நிரலகம் இச்சிக்கலைத் தீர்த்தது. மாறாத பகுதிகளை மூலத்தில் உள்ளவாறே விட்டு, மாறிய கிளைகளை மட்டும் அது புதிதாக எழுதுகிறது. 2015இல் பேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட ஜேஎஸ்-கோட்ஷிஃப்ட், ரீகாஸ்டின்மேல் கட்டப்பட்டது. ரியாக்ட் நிரலகத்தின் பழைய எழுதுமுறையிலிருந்து புதிய எழுதுமுறைக்கு மாறப் பலருக்கும் இக்கருவி உதவிற்று.

ஏற்றும் மாற்றியும் மறைந்த கருத்தும்

பேபலின் ஆங்கிலப் பெயரில் உள்ள எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கினால் லெபாப் என்னும் பெயர் கிடைக்கும். பேபல் செய்வதற்கு நேர்மாறானதைச் செய்வது அக்கருவி. ஐந்தாம் பதிப்பில் எழுதிய நிரலை அது ஆறாம் பதிப்பிற்கும் அதற்குப் பிந்திய வடிவங்களுக்கும் மாற்றுகிறது. அதன் பணியில் எழும் இடர்களை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

முதலாவது, மாறியை அறிவித்தல். பழைய நிரலில் ‘வார்’ என்னும் ஒரே சொல்லால் எல்லா மாறிகளும் அறிவிக்கப்பட்டன. அதன் எல்லை செயற்கூறு முழுதும் பரவும். புதிய ‘லெட்’, ‘கான்ஸ்ட்’ ஆகியவற்றின் எல்லை, அவை வரும் அடைப்புக்குள் அடங்கும். மூன்று முறை சுழலும் சுழல் ஒன்று, பின்னர் இயங்குமாறு மூன்று செயற்கூறுகளை உருவாக்குகிறது எனக் கொள்வோம். சுழலின் எண்ணி ‘வார்’ ஆயின் மூன்றும் ஒரே மாறியைப் பகிர்ந்து, அதன் இறுதி மதிப்பையே காட்டும். ‘லெட்’ ஆயின் ஒவ்வொன்றும் தன் சுற்றின் மதிப்பைக் காட்டும். ஒரு சொல்லை மாற்றியதால் விடையே மாறுகிறது. இரண்டாம் விடையே எழுதியவர் விரும்பியதாக இருக்கலாம். ஆனால் நிரலின் பிற பகுதிகள் முதல் விடைக்கு ஏற்பப் பழகியிருக்கவும் கூடும்.

இரண்டாவது, இயல்பு மதிப்பு. ஓர் உள்ளீடு தரப்படாதபோது கொள்ள வேண்டிய மதிப்பைப் பழைய நிரலர்கள் ‘அல்லது’ குறியால் எழுதினர். தள்ளுபடி விழுக்காடு தரப்படாவிடின் 10 எனக் கொள்க என்பது போன்ற தொடர் அது. இங்கு ‘அல்லது’ குறி, இடப்புற மதிப்பு பொய்யெனக் கொள்ளத்தக்கதாயின் வலப்புறத்தை எடுக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 0, வெற்றுச்சரம், ‘நல்’ ஆகியனவும் பொய்யெனக் கொள்ளப்படுவன. ஆகவே தள்ளுபடி 0 எனத் தெளிவாகக் கொடுத்தாலும் பழைய நிரல் 10 என்றே கொள்ளும். ஆறாம் பதிப்பின் இயல்பு மதிப்புத் தொடரோ உள்ளீடு வரையறுக்கப்படாதபோது மட்டுமே 10 எனக் கொள்ளும். 0 தரப்பட்டால் 0 என்றே கொள்ளும். இரு வடிவங்களும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும் கணக்கில் வேறுபடுகின்றன. 0 என்பதை 10 ஆகக் கொள்வது எழுதியவரின் நோக்கமா, அவர் கவனியாத பிழையா என்பதை நிரலின் வடிவைக் கொண்டு மட்டும் அறிய இயலாது.

மூன்றாவது, சரங்களை இணைத்தல். பழைய நிரலில் கூட்டல் குறியால் இணைத்தவற்றைப் புதிய நிரலில் வார்ப்புருச் சரமாக எழுதலாம். பொருள் ஒன்றைச் சரத்தோடு கூட்டும்போது கணினி முதலில் அதன் மூலமதிப்பை நாடும்; வார்ப்புருச் சரத்தில் அதன் சரவடிவை நாடும். பெரும்பாலான இடங்களில் இரண்டும் ஒத்துப்போகும். அவ்விரண்டையும் வெவ்வேறாக வரையறுத்த பொருளில் விடை மாறும்.

மூன்று எடுத்துக்காட்டுகளிலும் சிக்கலின் வேர் ஒன்றே. பழைய வடிவம் பல கருத்துகளுக்கு இடந்தருகிறது. புதிய வடிவம் அவற்றுள் ஒன்றை மட்டுமே சொல்கிறது. சுவடிப் பதிப்பாசிரியரின் நிலையை இங்கு ஒப்புநோக்கலாம். ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை; எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடுவதில்லை. அச்சில் பதிப்பிப்பவர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். அத்தேர்வு எழுத்துமாற்றம் போலத் தோன்றினும் உண்மையில் பொருள்கோளே ஆகும். யாப்பும் இடச்சூழலும் பிற சுவடிகளும் அவருக்குத் துணைசெய்கின்றன. மாற்றிக்குக் கிடைக்கும் துணையோ அந்நிரல் ஒன்றே.

உறுதியும் ஊகமும்: வகைப்பாட்டின் பயன்

நிரலின் பொருள் மாறாமல் வடிவை மாற்றுதல் பற்றிய ஆய்வு ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு முந்தியது. பர்ஸ்டால், டார்லிங்டன் ஆகியோர் 1977இல் வெளியிட்ட ஆய்வில் நிரல்களைப் படிப்படியாக மாற்றும் முறைமை ஒன்றை அமைத்தனர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆப்டைக் 1992இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, ஒவ்வொரு மாற்றத்திற்கும் முன்நிபந்தனைகளை வகுத்தது. அந்நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே மாற்றம் நிகழலாம். நிரலின் பொருண்மை பற்றிய எந்தச் சிறப்புப் பண்பையும் எல்லா நிரல்களுக்கும் தீர்மானிக்கும் பொதுவழி இல்லை என்பதை 1953இல் ரைஸ் நிறுவியிருந்தார். ஆகவே முன்நிபந்தனைகள் எப்போதும் எச்சரிக்கையின் பக்கமே சாய வேண்டியுள்ளது.

ஜாவாஸ்கிரிப்ட் முன்நிபந்தனைகளைச் சரிபார்ப்பதற்குக் கடினமான மொழி. மாறியின் வகை முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லை. பொருளின் பண்புகளை இயக்கத்தின் நடுவே சேர்க்கலாம், நீக்கலாம். ஒரு கோப்பில் அறிவித்த மாறியைப் பக்கத்தின் வேறொரு கோப்பு பயன்படுத்தலாம். ஒரு கோப்பை மட்டும் காணும் கருவிக்கு முழுப்பொருளும் எட்டாது.

இந்நிலையில் லெபாப் மேற்கொண்ட வழி குறிப்பிடத்தக்கது. அது தன் மாற்றங்களைப் பாதுகாப்பானவை, பாதுகாப்பற்றவை என வெளிப்படையாக இரண்டாகப் பிரித்துள்ளது. திரும்ப அழைக்கும் செயற்கூறுகளை அம்புக்குறி வடிவிற்கு மாற்றுதல், பொருளின் பண்புகளைச் சுருக்கி எழுதுதல் முதலியன முதல் பிரிவில் உள்ளன. அம்புக்குறி மாற்றத்திலும் முன்நிபந்தனை உண்டு. ‘ஆர்கியுமென்ட்ஸ்’ என்னும் சொல்லைப் பயன்படுத்தும் செயற்கூறுகளையும், பிணைக்கப்படாமல் ‘திஸ்’ என்னும் சொல்லைப் பயன்படுத்துவனவற்றையும் அது தொடுவதில்லை. அம்புக்குறி வடிவில் அச்சொற்கள் வேறு பொருள் கொள்ளும். மேலே கண்ட மூன்று எடுத்துக்காட்டுகளும், பொருள்வகையைக் ‘கிளாஸ்’ வடிவிற்கு மாற்றுதலும், கூறுகளை ‘இம்போர்ட்’ தொடருக்கு மாற்றுதலும் இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, அதன் வரம்புகளைப் படித்து, விளைந்த வேறுபாட்டைக் கவனமாகச் சரிபார்க்குமாறு அதன் கையேடு அறிவுறுத்துகிறது.

தன் வெளியீடு பிழைபடக்கூடிய இடங்களைக் கருவியே முன்கூட்டி உரைப்பது அதன் குறைபாடாகாது. மனிதரின் கவனம் எங்குத் தேவை என்பதை அது காட்டுகிறது. ஆயிரக்கணக்கான வரிகளை ஒரே அளவு கவனத்துடன் படிக்க எவராலும் இயலாது. ஐயத்திற்குரிய இடங்கள் பிரிக்கப்பட்டால் சரிபார்ப்பு நடைமுறைக்கு உரியதாகிறது.

இரு ஒப்பீடுகள்

இம்முடிவை உறுதிப்படுத்த வேறு இரு மாற்றங்களை ஒப்பிடலாம். பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. ஜாவாஸ்கிரிப்ட் காத்த நெறிக்கு மாறாக, பழைய நிரல் புதிய பதிப்பில் இயங்காத வகையில் அது அமைந்தது. மாற்றத்திற்கெனக் கருவி ஒன்றும் உடன் வழங்கப்பட்டது. ‘பிரின்ட்’ கட்டளையைச் செயற்கூறு வடிவிற்கு மாற்றுவது போன்றவற்றை அது எளிதில் செய்தது. ஆனால் பழைய பைத்தானில் ஒரே சரவகை, மனிதர் படிக்கும் உரைக்கும் வெறும் பைட்டு வரிசைக்கும் பொதுவாக இருந்தது. புதிய பதிப்பு அவற்றைப் பிரித்தது. ஒரு குறிப்பிட்ட சரம் உரையா பைட்டா என்பதை எழுதியவரே அறிவார், கருவி அறியாது. இரண்டாம் பதிப்பிற்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல்தான் முடிவுற்றது. மாற்றம் பதினோர் ஆண்டுகள் நீண்டமைக்கு இவ்வகைச் சிக்கல்களும் காரணமாயின.

இரண்டாவது, 2009இல் ஜெரமி ஆஷ்கெனாஸ் தொடங்கிய காஃபிஸ்கிரிப்ட். ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றப்பட்டு இயங்கும் சுருக்கமான மொழி அது. அதன் சிறந்த கூறுகள் சில ஆறாம் பதிப்பிலேயே இடம்பெற்றபின் பலர் அதனைக் கைவிட்டு மீண்டனர். அதற்கு உதவிய டிகாஃபினேட் என்னும் கருவி தனக்கு முன் புதியதொரு சிக்கலைக் கண்டது. காஃபிஸ்கிரிப்ட்டில் ஒவ்வொரு செயற்கூறும் தன் இறுதித் தொடரின் மதிப்பைத் தானே திருப்பித் தரும். எழுதியவர் அதனை விரும்பினாரா என்பது தெரியாது. ஆகவே கருவி எல்லா இடங்களிலும் திருப்பித்தரும் கட்டளையைச் சேர்த்துப் பொருளைக் காத்தது. தேவையற்றவற்றை மனிதர் நீக்கலாம் எனக் கோப்பின் தலைப்பில் குறிப்புரையும் எழுதி வைத்தது. அழகை விட்டுக்கொடுத்துப் பொருளைக் காத்து, தீர்மானத்தை மனிதரிடம் ஒப்படைத்த அம்முறை, லெபாபின் வகைப்பாட்டோடு நோக்கத்தால் ஒத்தது.

முடிவுரை

இவ்வாய்வில் பெறப்பட்ட முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

ஒன்று, புதியதிலிருந்து பழையதற்கு இறக்குதலும் பழையதிலிருந்து புதியதற்கு ஏற்றுதலும் ஒரே தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினும் அவை சமமான பணிகள் அல்ல. முன்னதில் கருத்து வெளிப்படை. பின்னதில் அது மீட்கப்பட வேண்டியது.

இரண்டு, ஏற்றும் மாற்றியின் தரத்தை அது மாற்றிய வரிகளின் எண்ணிக்கையால் அளப்பது பொருந்தாது. மாற்றாமல் விட்டவற்றையும், ஐயத்திற்குரியவை எனச் சுட்டியவற்றையும் சேர்த்தே அதனை அளத்தல் வேண்டும்.

மூன்று, பழைய தொடரியல் தொடர்ந்து இயங்கும் என்னும் உறுதியை ஜாவாஸ்கிரிப்ட் தந்துள்ளதால், மாற்றுவோர்க்குக் காலம் உள்ளது. பைத்தான் நிரலர்க்கு இருந்த நெருக்கடி இங்கு இல்லை. ஆகவே சோதனை நிரல்கள் இல்லாத, எழுதியவரைக் கேட்க இயலாத நிரலில் பாதுகாப்பான மாற்றங்களோடு நிறுத்திக்கொள்வதே தகும்.

தள்ளுபடிக் கணக்கில் 0 என்பதைப் 10 ஆகக் கொண்ட பழைய தொடரை இங்கு மீண்டும் கருதலாம். அதனைக் கருவி மௌனமாக மாற்றினால், பல்லாண்டுகளாக ஒரு வகையில் வந்த கணக்கு ஒரு நாள் வேறு வகையில் வரும். காரணம் எவருக்கும் புலப்படாது. அவ்விடத்தைக் கருவி சுட்டி நிறுத்தினால், அத்தொடரைப் படிப்பவர் அதன் பொருளை முதன்முறையாக வினவ நேரிடும். பிழை இருந்ததெனின் அது அப்போது திருத்தம் பெறும். இல்லையெனின் அதன் நோக்கம் ஒரு குறிப்புரையாகப் பதிவாகும். இரு நிலையிலும் நிரலைப் பற்றிய அறிவு வளர்கிறது. நிரலாக்க வரலாற்றை எழுதுவோர், வடிவ மாற்றத்தோடு இவ்வறிவின் கைமாற்றத்தையும் தம் ஆய்வுப் பொருளாகக் கொள்ளுதல் பயன்தரும்.